ஒரு பல்லும் நாலு விலங்குகளும்

ட்ரூடான் என்ற டைனோசரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கும். ஒன்று, டைனோசர்களிலேயே மூளைக்காரன் அதுதான். இரண்டு, கோழி மாதிரி முட்டைகளின் மேல் உட்கார்ந்து அடைகாத்தது. மூன்று, அழியாமல் இருந்திருந்தால் மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கிற ஜீவனாக மாறியிருக்கலாம் என்று ஒரு விஞ்ஞானி சிலையே செய்து வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம், யூட்யூப், வீடியோ கேம் என்று எங்கே பார்த்தாலும் இந்த மூன்றும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட 'இது ட்ரூடானைப் பற்றியதுதான்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் ட்ரூடான் என்ற பெயருக்குச் சட்டப்படி சொந்தமான பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பல்.

2017-க்குப் பிறகு இதை வைத்து இணையத்தில் 'ட்ரூடான் என்று ஒன்று இருந்ததே இல்லையாம்!' என்கிற ரகத்தில் நிறைய வந்தது. அதுவும் தப்பு. பல் இருக்கிறது, அந்தப் பல்லை வைத்திருந்த விலங்கும் ஒரு காலத்தில் இருந்தது. சிக்கல் விலங்கில் இல்லை. அந்தப் பெயர் எந்த விலங்கைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாததில்தான் சிக்கல். 'குமார், சென்னை' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் மாதிரி. குமார் இல்லவே இல்லை என்று தபால்காரர் சொல்ல மாட்டார். எந்தக் குமார் என்றுதான் கேட்பார். உயிரினப் பெயரியலில் இப்படிப்பட்ட பெயருக்கு லத்தீனில் 'நோமென் டூபியம்' என்பார்கள். நான் இந்தப் பதிவில் ஐயப்பெயர் என்று எழுதப் போகிறேன்.

இது எப்படி நடந்தது, இதில் யாருடைய வாதம் எங்கே சறுக்கியது என்பதுதான் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1855-ல் ஃபெர்டினாண்ட் ஹேடன் என்ற நிலவியலாளர் அமெரிக்காவின் ஜூடித் ஆற்றுப் பகுதியில் சில பற்களைப் பொறுக்கினார். இன்றைக்கு அது மொன்டானா மாநிலம். அந்தப் பற்கள் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஜோசப் லைடியிடம் போய்ச் சேர்ந்தன. லைடி உடற்கூற்றியல் பேராசிரியர், கையில் கிடைத்ததைப் பொறுமையாகப் பார்க்கிற ஆள். 1856-ல் அவர் வெளியிட்ட சிறு குறிப்பில் நான்கு புதிய பேரினங்களுக்குப் பெயர் வைத்தார்: பேலியோசிங்கஸ், ட்ராகோடான், டைனோடான், ட்ரூடான். நான்கும் பற்கள்தான். வட அமெரிக்காவில் முதன்முதலில் பெயர் பெற்ற டைனோசர்களில் இவை உண்டு. இன்றைக்கு நான்குமே ஐயப்பெயர்கள்! நாலுக்கு நாலு அவுட்.

இதற்காக லைடியைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை. 1856-ல் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறென்ன இருந்தது? வட அமெரிக்காவில் ஒரு முழு டைனோசர் எலும்புக்கூடுகூடக் கிடையாது. ஒப்பிட ஆளே இல்லாத இடத்தில் எந்த ஆளும் தனித்துவமாகத்தான் தெரிவான். ஊரில் ஒரே ஒரு குமார் இருந்த காலத்தில் 'குமார்' என்பது போதுமான முகவரிதான். ட்ரூடான் பல்லை அவர் பல்லி இனத்தில் சேர்த்தார் (பல்லைப் பார்த்துப் பல்லி என்றார், தமிழில் மட்டும் பொருந்துகிற ஜோக்). அதுவும் அந்த நேரத்துக்கு மோசமான ஊகமில்லை.

அந்தப் பல்லில் என்ன விசேஷம்? சாதாரணமாக ஊன் தின்னும் டைனோசரின் பல் விளிம்பில் கறி வெட்டுகிற கத்தி மாதிரி மிக நுண்ணிய ரம்ப முனைகள் வரிசையாக இருக்கும். ட்ரூடான் பல் சின்னது, ஆனால் அதன் ரம்ப முனைகள் பல்லின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிசு. கொக்கி மாதிரி வளைந்து பல்லின் நுனியைப் பார்த்து நிற்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 'இவ்வளவு வித்தியாசமான பல், நிச்சயம் ஒரே விலங்கினுடையதாகத்தான் இருக்கும்' என்று மனசு தானாகவே ஒரு முடிவுக்குப் போய்விடும். பின்னால் வந்த எல்லாக் குழப்பத்துக்கும் விதை அந்த இடம்தான்.

முதல் சறுக்கல் 1924-ல். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஒரு மண்டையோட்டையும் எலும்புகளையும் சார்ல்ஸ் கில்மோர் ஆராய்ந்தார். அது தலையில் கனத்த எலும்புக் குமிழ் வைத்திருக்கிற, தழை தின்கிற விலங்கு. 1902-ல் லாரன்ஸ் லாம்ப் அந்த வகைக்கு ஸ்டெகோசெரஸ் என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார் (ஸ்டெகோசாரஸ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதன் பற்களிலும் ரம்ப முனைகள் பருமன். கில்மோர் பார்த்தார்: இது லைடியின் பல் மாதிரியே இருக்கிறதே! ஆக, ஸ்டெகோசெரஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த விலங்கை ட்ரூடான் ஆக்கினார். அதோடு நிற்காமல் ட்ரூடான்டிடே என்று ஒரு குடும்பத்தையும் உண்டாக்கினார். கிட்டத்தட்ட இருபது வருடம் ட்ரூடான் என்றால் மண்டை பெருத்த தழைதின்னி. 1931-ல் வந்த இன்னொரு குமிழ்மண்டையும் ட்ரூடான் வயோமிங்கென்சிஸ் என்றே பெயர் பெற்றது. இன்றைக்கு நாம் பேக்கிசெஃபலோசாரஸ் என்று சொல்கிற விலங்கு அது.

1945-ல் சார்ல்ஸ் எம். ஸ்டெர்ன்பெர்க் இதைச் சரிசெய்தார். லைடியின் பல் ஊனுண்ணி வகையைச் சேர்ந்தது, குமிழ்மண்டைகளுக்கும் அதற்கும் உறவில்லை என்று காட்டி, குமிழ்மண்டைகளுக்குத் தனிக் குடும்பம் அமைத்துக் கொடுத்தார். ஆனால் கில்மோர் வைத்த குடும்பப் பெயர் சாகவில்லை. பெயர் பல்லோடு போகும் என்பது விதி. அதனால் குமிழ்மண்டைகளுக்காக உருவாக்கிய ட்ரூடான்டிடே, இன்றைக்கு ஒரு குமிழ்மண்டைகூட இல்லாத, பறவைக்கு மிக நெருங்கிய டைனோசர்களின் குடும்பப் பெயராக இருக்கிறது. பெயர் வைத்தவர் என்று இப்போதும் கில்மோரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பத்திரத்தில் தாத்தா பெயர், வீட்டில் வேறு குடும்பம்.

கில்மோர் செய்த தப்பு என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பற்களின் ஒற்றுமையை அவர் தவறாகப் பார்க்கவில்லை. ஒற்றுமை இருந்தது. ஆனால் ஒற்றுமையிலிருந்து அடையாளத்துக்குத் தாவினார். தழை தின்கிற ஓணான்களிலும் சில பழைய முதலை உறவினர்களிலும் பருமனான ரம்ப முனைகள் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. ஒரே தேவை இருந்தால் உறவில்லாதவர்கள்கூட ஒரே மாதிரிக் கருவி வைத்திருப்பார்கள்.

இப்போது இரண்டாவது தாவலுக்கு வருகிறேன். என்னுடைய முக்கிய விமர்சனம் இதன் மேல்தான். இது கில்மோருடையதைவிட எவ்வளவோ நேர்த்தியானது. அதனால்தான் முப்பது வருடம் நின்றது.

1932-ல் அதே ஸ்டெர்ன்பெர்க், ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஒரு பாதம், கையின் சில துண்டுகள், சில வால் எலும்புகளை வைத்து ஸ்டெனோனிக்கோசாரஸ் என்ற பேரினத்தை விவரித்திருந்தார். அதில் பல் கிடையாது. 1969-ல் டேல் ரசல் இன்னும் கொஞ்சம் நல்ல மாதிரியை, மண்டைப் பகுதியோடு சேர்த்து விவரித்தார். உடல் அளவுக்கு மூளை பெரிது, கண்கள் பெரியவை என்பதெல்லாம் இங்கிருந்து வந்ததுதான். 1982-ல் ரான் செகான் என்ற சிற்பியோடு சேர்ந்து ரசல் செய்த அந்த மனித டைனோசர் சிலையும் ஸ்டெனோனிக்கோசாரஸை வைத்துச் செய்தது. அதில் ட்ரூடான் என்ற பெயருக்கு வேலையே இல்லை.

1987-ல் ஃபிலிப் கரீ ஒரு கட்டுரை எழுதினார். ஆல்பர்ட்டாவில் பற்களோடு கூடிய தாடைகள் அதற்குள் கிடைத்திருந்தன. கரீ காட்டியது இதுதான்: இந்த விலங்கின் ஒரே வாயில், முன்பக்கப் பல்லும் நடுப்பல்லும் பின்பல்லும் வேறு வேறு வடிவம். அதுவரை தனித்தனிப் பற்களைப் பார்த்து 'இது ஒரு இனம், அது ஒரு இனம்' என்று பிரித்தவர்கள், ஒரே வாயின் வெவ்வேறு இடங்களைத்தான் வெவ்வேறு இனம் என்று நினைத்திருக்கிறார்கள். அருமையான கண்டுபிடிப்பு, இன்றைக்கும் செல்லுபடியாகும். இந்தக் குடும்பத்து விலங்கின் வாயில் நூற்றுக்கு மேல் பற்கள், அவை வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு தெரியாமல் உதிரிப் பற்களைப் பிரித்தால் கதை அப்படித்தான் போகும்.

இதிலிருந்து கரீ எடுத்த முடிவு: ஆகவே ஸ்டெனோனிக்கோசாரஸும், பற்களை வைத்துப் பெயர் பெற்ற இன்னும் சிலவும், லைடியின் ட்ரூடான் ஃபார்மோசஸ்தான். பழைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி எல்லாம் ட்ரூடான்.

இந்தக் கட்டுரையை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தலையாட்டிக்கொண்டே போனேன். இரண்டாவது தடவைதான் உறைத்தது: முன்வைக்கிற ஆதாரமும் எடுக்கிற முடிவும் எதிரெதிர் திசையில் போகின்றன. ஒரே வாய்க்குள்ளேயே பற்கள் இவ்வளவு வேறுபடுகின்றன என்றால், இனத்துக்கு இனம் இருக்கக்கூடிய வேறுபாடு அந்த இரைச்சலில் மூழ்கிப் போகும். அப்படியானால் கிடைக்கிற முடிவு 'எல்லாப் பல்லும் ஒரே இனம்' என்பது அல்ல. 'பல்லை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது' என்பதுதான். ஒரு தராசு நூறு கிராம் முன்னே பின்னே காட்டும் என்று கண்டுபிடித்துவிட்டு, அதே தராசில் நிறுத்து 'ரெண்டு பொட்டலமும் சம எடை' என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது? தராசு ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சரிதான். ஆனால் அந்தப் பருக்கை அதே பானையிலிருந்து வந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். லைடியின் பருக்கை மொன்டானாவில் ஜூடித் ஆற்றுப் பானையில் எடுத்தது. கரீயின் சோறு ஆல்பர்ட்டாவில் வெந்தது.

இதன் விளைவு ஏதோ பெயர்ப்பட்டியலில் ஒரு வரி மாறியது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1987-க்குப் பிறகு வட அமெரிக்காவின் மேற்கில் அந்த மாதிரிப் பல் எங்கே கிடைத்தாலும் அது ட்ரூடான் ஆயிற்று. வயோமிங்கில் டைனோசர் காலத்தின் கடைசிப் பாறைகளில் கிடைத்து, கென்னத் கார்பென்டர் 1982-ல் பெக்டினோடான் என்று பெயர் வைத்த பற்களும் உள்ளே இழுக்கப்பட்டன. ஜூடித் ஆற்றுப் பற்களுக்கும் அவற்றுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடி வருட இடைவெளி. மனிதனும் சிம்பன்ஸியும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்தே அறுபது, எழுபது லட்சம் வருடம்தான் ஆகிறது என்பதை ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அலாஸ்காவின் வடகோடியில் பிரின்ஸ் க்ரீக் பாறைகளில் கிடைத்த பற்கள் இன்னொரு கதை. அங்கே கிடைக்கிற ஊனுண்ணிப் பற்களில் இந்த வகைதான் அதிகம். அளவிலும் தெற்கே கிடைத்தவற்றைவிடப் பெரியவை. 2008-ல் ஆன்டனி ஃபியோரில்லோ இவற்றை ட்ரூடான் என்ற பெயரிலேயே விவரித்தார். பெரிய கண் உள்ள விலங்கு, துருவத்தின் நீண்ட இருட்டில் மற்ற வேட்டைக்காரர்களைவிட நன்றாக வாழ்ந்து உடலும் பெருத்தது என்பது விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வரிசையாகப் பாருங்கள். கண்ணின் அளவு ஆல்பர்ட்டா மண்டையோட்டிலிருந்து வந்தது. பல்லின் அளவு அலாஸ்காவிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகிற தூரம். காலத்திலும் ஐம்பது லட்சம் வருடத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் ஒட்டிவைக்கிற பசை ட்ரூடான் என்ற பெயர் மட்டுமே. 'இந்தக் குடும்பத்து விலங்குகளுக்குப் பொதுவாகக் கண் பெரிது' என்று சொல்லியிருந்தால் வாதம் நிற்கும். பெயர் அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது.

முட்டைக் கதை மொன்டானாவில், ஆனால் லைடியின் பாறையில் இல்லை, அதற்கு மேற்கே டூ மெடிசின் என்ற பாறைத் தொகுதியில். ஜாக் ஹார்னர் குழு தோண்டிய முட்டைக் குன்றில் கிடைத்த கருக்களை முதலில் ஒரோட்ரோமியஸ் என்ற சிறிய தழைதின்னியின் குஞ்சுகள் என்றார்கள். பாறையை இன்னும் கவனமாகச் சுரண்டிப் பார்த்த பிறகு 1996-ல் அதைத் திருத்தினார்கள்: இவை ட்ரூடான் வகைக் கருக்கள். மறு வருடம் டேவிட் வரிக்கியோவும் மற்றவர்களும் 24 முட்டைகள் உள்ள ஒரு கூட்டைப் பற்றி எழுதினார்கள். முட்டைகள் ஜோடி ஜோடியாக இடப்பட்டவை, பாதி மண்ணில் புதைந்து செங்குத்தாக நின்றவை. டைனோசரிலிருந்து பறவை வரைக்கும் இனப்பெருக்கம் எப்படி மாறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி குறைவு. எலும்பு, கரு, கூடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற வேலை, அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆக மொத்தம் நாம் படிக்கிற 'ட்ரூடான்' யார்? மூளையும் கண்ணும் ஆல்பர்ட்டாவில் எடுத்தது. கூடும் முட்டையும் டூ மெடிசினில். பெரிய உடம்பு அலாஸ்காவில். பெயர் மட்டும் ஜூடித் ஆற்றில் கிடைத்த ஒற்றைப் பல்லில். நாலு இடத்து உறுப்புகளை ஒட்டித் தைத்த இந்த விலங்கு எந்தக் காட்டிலும் நடந்ததாக ஆதாரம் இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் நூற்றுக்கணக்கான ரெக்கார்டுகள் ஒரே கீயைச் சுட்டுகின்றன. திறந்து பார்த்தால் அந்தக் கீ யாரையும் தனியாக அடையாளம் காட்டவில்லை. தகவல்கள் பொய்யில்லை. ஒவ்வொன்றும் யாருடையது என்பதுதான் அழிந்துபோயிருக்கிறது. இதில் இன்னொரு நஷ்டம், எத்தனை இனம் இருந்தது என்ற கேள்வியையே யாரும் கேட்காமல் போவது. ஒரு கோடி வருடம், அலாஸ்காவிலிருந்து வயோமிங் வரை, ஒரே பெயர் என்றால், மாறவே மாறாத ஒரு விலங்கு என்று படம் வந்துவிடுகிறது. மாறியதா இல்லையா என்பது பாறையில் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

2017-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் டேவிட் எவன்ஸ் குழு, ஆல்பர்ட்டாவின் இன்னும் இளைய பாறைகளில், அதாவது சுமார் 7.1 கோடி வருடம் பழையவற்றில், கிடைத்த ஒரு நெற்றி எலும்பை அளந்து பார்த்து, இது ஸ்டெனோனிக்கோசாரஸ் இல்லை என்று ஆல்பெர்டாவெனேட்டர் என்ற பெயர் வைத்தது. அதுவரை அந்தப் பாறைகளில் கிடைத்ததையெல்லாம் ட்ரூடான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல் காட்டாத வித்தியாசத்தை நெற்றி காட்டிவிட்டது. இரண்டாவது கட்டுரை ஆரன் வான் டெர் ரீஸ்ட் என்ற மாணவரும் ஃபிலிப் கரீயும் எழுதியது. ஆம், அதே கரீ. ட்ரூடான் ஐயப்பெயர், ஸ்டெனோனிக்கோசாரஸ் மறுபடி செல்லும், அதோடு ஆல்பர்ட்டாவின் அதே பாறையில் லாட்டெனிவெனாட்ரிக்ஸ் என்று இன்னொரு பெரிய விலங்கும் உண்டு என்றார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் தான் கட்டியதைத் தானே முன்னின்று இடித்த கரீயை நான் மனசாரப் பாராட்டுகிறேன். நம்ம ஆபீஸ்களில் தான் எழுதிய கோடைத் தானே தூக்கிப் போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் இடித்த கையோடு புதுசாகக் கட்டியது பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கிடைத்திருக்கிற எலும்புகள் கொஞ்சம், அவற்றில் வளர்ந்தது எது, வளராதது எது என்ற கேள்வி வேறு. 2021-ல் தாமஸ் கல்லனும் மற்றவர்களும் எலும்பு அளவுகளையும் பாறை அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்து, லாட்டெனிவெனாட்ரிக்ஸைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை, அது ஸ்டெனோனிக்கோசாரஸ்தான் என்றார்கள். நாலு வருட ஆயுசு. ஸ்டெனோனிக்கோசாரஸின் மூலமாதிரியும் ஒரு பாதமும் கைத்துண்டுகளும் வாலும்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். பல்லை விட்டுப் பாதத்தைப் பிடித்திருக்கிறோம். முன்னேற்றம்தான், ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு.

சரி, ட்ரூடான் என்ற பெயரைக் காப்பாற்ற வழியே இல்லையா? இருக்கிறது. விலங்கியல் பெயரியலுக்கான சர்வதேச ஆணையத்திடம் மனுப் போடலாம். அடையாளம் காட்ட முடியாத பழைய மாதிரியை ஒதுக்கிவிட்டு ஒரு நல்ல எலும்புக்கூட்டைப் புது மூலமாதிரியாக ஆணையம் அறிவிக்கலாம். இப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. இக்வானோடான் நல்ல உதாரணம். 1825-ல் கிடியன் மான்டெல் அதற்குப் பெயர் வைத்ததும் இங்கிலாந்தில் கிடைத்த பற்களை வைத்துத்தான். 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தன. 2000-ல் ஆணையம் அந்த பெர்னிசார் இனத்தையே இக்வானோடானின் மாதிரி இனம் ஆக்கியது. பெயர் பிழைத்தது, குழப்பம் தீர்ந்தது.

ட்ரூடானுக்கும் அதையே செய்யலாமே என்று கேட்பவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. இக்வானோடான் என்றதும் எல்லார் மனசிலும் பெர்னிசார் விலங்கு ஒன்றுதான் வந்தது. ஆணையம் ஊர் ஏற்றுக்கொண்டதைச் சட்டமாக்கியது, அவ்வளவே. ட்ரூடான் என்றதும் வருவது நாலு. எதற்குக் கொடுத்தாலும் மற்ற மூன்றின் இலக்கியம் தவறான அலமாரியில்தான் இருக்கும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என் ஓட்டு டூ மெடிசின் விலங்குக்கு. ஆல்பர்ட்டா விலங்குக்கு ஸ்டெனோனிக்கோசாரஸ் என்ற சொந்தப் பெயர் இருக்கிறது, பிச்சை கேட்க வேண்டிய நிலை இல்லை. ஆனால் ட்ரூடான் என்ற பெயரைப் பிடுங்கிவிட்டால், கூடு கட்டி முட்டையிட்ட அந்த மொன்டானா விலங்குக்கு முறையான பெயரே கிடையாது. டைனோசர் இனப்பெருக்கம் பற்றிய பாடப்புத்தகச் சாட்சி பெயரில்லாமல் நிற்கிறது. அது லைடியின் பல் கிடைத்த அதே மொன்டானாவிலும் இருக்கிறது, எலும்பும் கருவும் முட்டையும் ஒன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பெயரைக் கொடுத்த கையோடு அலாஸ்காப் பல்லையும் வயோமிங் பல்லையும் 'ட்ரூடான்' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அவற்றுக்கு 'ட்ரூடான்டிட் வகை, பேரினம் தெரியவில்லை' என்பதுதான் நேர்மையான லேபிள். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

அப்படி லேபிள் ஒட்டுவது நடைமுறைக்கு ஒத்து வருமா என்று கேட்டால், வரும். அதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பல் ஒன்று தமிழ்நாட்டிலும் கிடைத்திருப்பதாக 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு பாறைகளில், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த அடுக்கில் எடுத்த ஒற்றைப் பல். அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. தெற்குக் கண்டங்களில் ட்ரூடான்டிட் என்று சொல்லப்பட்ட முதல் புதைபடிவம் அது.

என்னைக் கவர்ந்தது அவர்கள் செய்யாமல் விட்ட காரியம். அதற்குப் பேரினப் பெயர் வைக்கவில்லை. ஆசை வந்திருக்காதா? ஒரு அரியலூரோசாரஸோ காவேரியோடானோ வைத்திருந்தால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கும். அதே கல்லமேட்டில்தான் 1980-களில் ப்ருஹத்காயோசாரஸ் என்ற ராட்சத விலங்குக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தழைதின்னி என்று ஆனது. இப்போது சரிபார்க்க அந்த எலும்புகளே இல்லை, சிதைந்துபோயின. பெயர் மட்டும் இணையத்தில் 'உலகின் மிகப்பெரிய டைனோசர்' பட்டியல்களில் உலா வருகிறது. அந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்த பல்லுக்குப் பெயர் வைக்காமல் நிறுத்தியது சாதாரண நிதானமில்லை.

இருந்தாலும் இதே கேள்வியை அவர்களிடமும் கேட்க வேண்டும். பல் பேரினத்தைச் சுமக்காது என்று ஒப்புக்கொண்டவர்கள், அது குடும்பத்தைச் சுமக்கும் என்கிறார்கள். அதற்கும் மேலே, இந்தக் குடும்பம் தெற்கே இந்தியா வரை பரவியிருந்தது என்ற பெரிய புவியியல் முடிவையும் அதே பல்லின் தலையில் ஏற்றுகிறார்கள். குடும்ப அளவில் பல் பேசும் என்பதை நான் மறுக்கவில்லை, வடக்கே அது பேசியிருக்கிறது. ஆனால் அங்கே அதே பாறையில் மண்டையோடும் தாடையும் கிடைத்துச் சாட்சி சொன்னன. இங்கே அப்படி எதுவும் இல்லை. பருமனான ரம்ப முனைகள் உறவில்லாதவர்களிடமும் தோன்றும் என்பதற்கு கில்மோரின் குமிழ்மண்டைகளே போதும். ஆகவே என் கணக்கில் கல்லமேட்டுப் பல் 'இருக்கலாம்' பட்டியலில்தான் இருக்கிறது. ஒரு தாடைத் துண்டு, இரண்டு பல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், அடுத்த பட்டியலுக்கு மாற்றிவிடுவேன். கல்லமேட்டில் இன்னும் தோண்டாத இடம் நிறைய இருக்கிறது.